தித்திக்கும் சுருட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய சர்க்கார், வாசனையூட்டிய சுருட்டுகளைத் தடை செய்வதற்கென்று 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட நகல் விதியை, 2025-ம் வருஷம் ஜனவரியில் வாபஸ் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் அவ்விதி ஒரு காரியாலயத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டும், தவணைமேல் தவணை சொல்லப்பட்டும் வந்தது. இறுதியில் சட்டமாகாமலே மடிந்தது. மெந்தால் சிகரெட்டைத் தடை செய்யும் விதியும் அதனோடு கூடவே போயிற்று. மெந்தாலைப் பற்றி உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சுருட்டின் விஷயத்தைக் கவனித்தவர்கள் சிலரே. நம் அபிப்பிராயத்தில் இவ்விரண்டிலும் அதிகமாக ஆராயத்தக்கது சுருட்டின் கதைதான். ஒரு பொருள் மனிதனுக்கு என்ன செய்கிறது என்று பாராமல், அது என்ன உடை உடுத்திருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சட்டம் எழுதினால் என்ன நேரும் என்பதற்கு, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட அத்தாட்சி அதில் அடங்கியிருக்கிறது.

சுருட்டு என்றதும் நம் நேயர்களுக்கு உறையூரும் திண்டுக்கல்லும் நினைவுக்கு வரும். 'செரூட்' என்று ஆங்கிலேயர் வழங்கும் சொல்லே நம்முடைய 'சுருட்டு' கப்பலேறிப் போனதுதான். ஆனால் திண்ணையில் சாய்ந்துகொண்டு பெரியவர்கள் அரை மணி நேரம் பிடிக்கும் அந்தக் கனத்த சரக்கை இங்கே மறந்துவிட வேண்டும். நாம் பேசும் அமெரிக்கச் சுருட்டுகளில் ஒரு வகை, அளவில் சிகரெட்டேதான். பஞ்சு வைத்த முனை உண்டு. இருபது கொண்ட பெட்டியில் வரும். இன்னொரு வகை சற்று நீண்டு தடித்தது. சிலவற்றுக்குப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ செய்த முனை இருக்கும். இது ஒன்றும் இரண்டுமாகப் பளபளக்கும் உறையில் வரும். 'இரண்டு 99 சென்ட்' என்று விலையை உறையிலேயே அச்சிட்டு விற்பார்கள். திராட்சை, செர்ரி, மாம்பழம், வனிலா, சாக்லெட், தேன், ஒயின் என்று வாசனைகளின் ஜாபிதா நீளும். சிகரெட்டுக்கும் இதற்கும் சட்டம் கண்ட வித்தியாசம் யாதெனில், சிகரெட்டைச் சுற்றியிருப்பது வெள்ளைக் காகிதம். இதைச் சுற்றியிருப்பது புகையிலை அல்லது புகையிலையைக் கூழாக்கி வார்த்த பழுப்புத் தாள். அவ்வளவே.

புகையிலையிலுள்ள நிக்கோடின் என்னும் வஸ்துவே மனிதனை அடிமை கொள்கிறது என்பதைப்பற்றி இன்று விவாதமில்லை. அது மூளையை எவ்வளவு விரைவாக எட்டுகிறதோ அவ்வளவுக்கு அதன் பிடி இறுகும். சிகரெட்டுக்கான புகையிலையைப் பெரும்பாலும் சூளையில் சூடேற்றிப் பதப்படுத்துவதால் அதன் புகையில் சிறிது அமிலத் தன்மை உண்டு. அதை நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிக்கோடின் போதிய அளவு இரத்தத்தில் சேரும். இழுத்துவிட்டாலோ பத்து இருபது விநாடிக்குள் மூளையில் போய் நிற்கும். சுருட்டுப் புகையிலையின் பக்குவம் வேறு. அதைக் காற்றில் உலர்த்திப் புளிக்க வைக்கிறார்கள். அதன் புகைக்கு க்ஷாரத் தன்மை உண்டு. ஆகையால் வாயில் நிறுத்தினாலே நிக்கோடின் கன்னத்தின் உட்சவ்வு வழியாக மெல்ல ஊறிவிடும். ஆனால் அந்தப் புகை தொண்டையை அறுக்கும். உள்ளே இழுத்தவன் இருமித் தீர வேண்டும். பழைய சுருட்டுக்காரர்கள் புகையை வாயோடு வைத்து வெளியே விட்டதற்கு நாகரிகம் காரணமன்று. தொண்டை இடம் கொடாததே காரணம். இயற்கை வைத்த காவல் என்றே இதைச் சொல்லலாம்.

அந்தக் காவற்காரனுக்குக் கொடுக்கும் லஞ்சந்தான் வாசனை. இனிப்பு கசப்பை மறைக்கிறது. பழ வாசனை மூக்கைச் சமாதானப்படுத்துகிறது. மெந்தால் தொண்டையை மரக்கச் செய்து குளிரூட்டுகிறது. முதன்முறை பிடிப்பவனுக்கு வர வேண்டிய இருமலும் குமட்டலும் மட்டுப்படுகின்றன. அமெரிக்காவில் போர்ட்லண்டு ராஜாங்க சர்வகலாசாலையைச் சேர்ந்த ரஸாயன நிபுணர்கள் இந்தச் சுருட்டுகளையும், குழந்தைகள் தின்னும் மிட்டாய், பானப்பொடி வகைகளையும் அருகருகே வைத்துச் சோதித்து 2014-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். மிட்டாய்க்குச் செர்ரி வாசனையையும் திராட்சை வாசனையையும் தரும் அதே ரஸாயன வஸ்துக்கள் சுருட்டிலும் இருக்கக் கண்டார்கள். யேல் சர்வகலாசாலையார் செய்த ஆராய்ச்சியிலோ, சர்க்கரையைக் காட்டிலும் பன்மடங்கு இனிக்கும் செயற்கைச் சரக்குகள் இவ்வகைச் சுருட்டில் தெரியவந்தன. உதட்டில் வைத்தவுடனே தித்திப்புத் தட்டுவது தற்செயலாக நேர்ந்ததல்ல.

இதற்கப்பால் நடப்பது பழக்கத்தின் வேலை. திராட்சையின் தித்திப்பும் நிக்கோடின் தரும் கிளர்ச்சியும் பலமுறை சேர்ந்து வந்தபின், மூளை இரண்டையும் ஒன்றாகவே பதிந்துகொள்கிறது. பிறகு அந்த வாசனையே, ஏன், உறையின் நிறமே, தாகத்தைக் கிளப்பப் போதுமானதாகிறது. பிடிக்காமலிருந்தால் எரிச்சல், கவனக் குறைவு, தூக்கமின்மை. மனித மூளை சுமார் இருபத்தைந்து வயது வரையில் வளர்ந்து அமைந்துகொண்டிருப்பது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அந்த வயதுக்குள் நிக்கோடின் போடும் தடம் பின்னர் போடுவதினும் ஆழமானது. அமெரிக்காவில் 2013, 2014-ம் வருஷங்களில் எடுத்த பெரியதொரு கணக்கெடுப்பில், பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் ஏதேனும் ஒருவகைச் சுருட்டை ருசி பார்த்தவர்கள் நூற்றுக்கு 65 பேர், தாங்கள் முதலில் பிடித்தது வாசனைச் சுருட்டையே என்றார்கள். வயது வந்த வாலிபர்களின் பழக்கம் எங்கே விதைக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதில் நம் மனத்தை அதிகமாக உறுத்துவது ஒன்றுண்டு. இந்தச் சுருட்டுக்கு அடிமையான வாலிபன், தான் அடிமை என்பதையே அறிவதில்லை. 'நான் சிகரெட் தொடுவதில்லை' என்று அவன் சொல்வது வாஸ்தவமே. நாளைக்கு ஒன்றோ இரண்டோ, சனிக்கிழமை இரவில் நண்பர்களோடு மூன்றோ பிடிப்பவன், தன்னைப் புகைப்பவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை. 'சுருட்டு பிடிப்பதுண்டா?' என்று கேட்டாலும் இல்லையென்பான். சுருட்டு என்பது பணக்காரக் கிழவர்கள் பிடிப்பது என்று அவன் நினைக்கிறான். தான் பிடிப்பதை 'பிளாக் அண்டு மைல்டு', 'சுவிஷர் சுவீட்ஸ்' என்று வியாபாரப் பெயரால் மட்டுமே அறிவான். 2012-ம் வருஷத்தில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், கேள்வியோடு சில வியாபாரப் பெயர்களையும் உதாரணமாகச் சேர்த்துக் கேட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீக்ரோ வம்ச மாணவர்களில் சுருட்டுப் பிடிப்பவர்கள் முந்திய வருஷம் நூற்றுக்கு 11.7 என்று இருந்த கணக்கு, ஒரேயடியாக 16.7 ஆயிற்று. இந்த உயர்வில் ஒரு பங்கு, கேள்வியை மாற்றியதால் வெளிப்பட்டது என்று கணக்கெடுத்தவர்களே சொன்னார்கள். அதாவது, அத்தனை பிள்ளைகள் அதுவரை சர்க்காரின் கண்ணுக்கே தெரியாமல் புகைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

சில நகரங்களில் வாலிபர்கள் சுருட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் தாளை உருவி எறிந்துவிட்டு, புகையிலையைத் திரும்பவும் அடைத்துப் பிடிக்கிறார்கள். விஷம் அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. புகையிலை மறுபடி உள்ளே போகும்போது நிக்கோடினும் கூடவே போகிறது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. வேறு சிலர் உள்ளீட்டைக் கொட்டிவிட்டுக் கஞ்சாவை நிரப்புகிறார்கள். அவர்களும் தங்களுக்கும் புகையிலைக்கும் சம்பந்தமில்லை என்றே எண்ணுகிறார்கள். மேல் உறையே புகையிலை என்பதை மறந்துவிடுகிறார்கள். அடிமைத்தனம் போகட்டும், சரீரத்துக்கு வரும் கேடு என்ன என்று கேட்டால், 1998-ம் வருஷத்திலேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஸ்தாபனம் சுருட்டைப்பற்றித் தனிப் புஸ்தகம் வெளியிட்டிருக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது என்பது அதில் கண்ட முடிவு. வாயோடு நிறுத்துபவனுக்கே இவ்வபாயம் உண்டு. நெஞ்சுக்குள் இழுப்பவனுக்கு அது பெருகுகிறது.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சிகரெட் விளம்பரம் கூடாதென்ற அமெரிக்கச் சட்டம் 1971-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அமுலுக்கு வந்தது. சட்டத்தில் இருந்த சொல் 'சிகரெட்'. உடனே ரேனால்ட்ஸ் கம்பெனியார் 'வின்செஸ்டர்' என்று ஒரு குட்டிச் சுருட்டைக் கொண்டுவந்து, அதைத் தாராளமாக டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். சிகரெட் உருவம், சிகரெட் பெட்டி, பழுப்புத் தாள். இந்த ஓட்டையை அடைக்க 1973-ம் வருஷத்தில் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

ஒருமுறை ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை விழித்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்ததோ வேறு. ஜனாதிபதி ஒபாமா 2009-ம் வருஷம் ஜூன் மாதம் கையெழுத்திட்ட புகையிலைச் சட்டம், அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிகரெட்டில் மெந்தாலைத் தவிர மற்ற வாசனைகளையெல்லாம் தடுத்தது. மறுபடியும் அதே சொல்: 'சிகரெட்'! திராட்சைச் சிகரெட் கடையிலிருந்து மறைந்தது; திராட்சைச் சுருட்டு அதே கடையில், அதே அலமாரியில், அதைவிடக் குறைந்த விலைக்கு நின்றது. இந்தோனேஷியாவிலிருந்து வந்த கிராம்புச் சிகரெட்டும் இச்சட்டத்தில் அகப்பட்டது. அதைப் பழுப்புத் தாளில் சுற்றிக் கிராம்புச் சுருட்டு என்று பெயரிட்டு விற்பனையைத் தொடர்ந்தார்கள். தன் கிராம்பைத் தடுத்துவிட்டு அமெரிக்கர் தங்கள் மெந்தாலை விட்டுவைத்தது பாரபட்சம் என்று இந்தோனேஷியா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்காடி 2012-ம் வருஷத்தில் ஜயித்தது. அவ்வழக்கில் நியாயம் அதன் பக்கமே இருந்தது என்பது நம் கருத்து.

வரியின் கதை இதனினும் விசித்திரமானது. ஆயிரம் சுருட்டின் எடை மூன்று ராத்தலுக்கு மேற்படாவிட்டால் அது சிறு சுருட்டு. மேற்பட்டால் பெருஞ் சுருட்டு. இது அமெரிக்க வரிச் சட்டத்தின் இலக்கணம். 2009-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அதுவரை ஆயிரத்துக்கு இரண்டு டாலருக்கும் குறைவாக இருந்த சிறு சுருட்டு வரியை, சிகரெட்டுக்குச் சமமாக 50 டாலர் 33 சென்ட் ஆக உயர்த்தினார்கள். பெருஞ் சுருட்டுக்கோ விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று வரி; மலிவான சரக்குக்கு அது மிகவும் சொற்பம். முதலாளிகள் செய்தது என்ன? சுருட்டின் எடையைச் சற்றே கூட்டினார்கள். 2008-ம் வருஷத்தில் 590 கோடியாக இருந்த சிறு சுருட்டு 2011-ல் 80 கோடியாகச் சுருங்கிற்று. 570 கோடியாக இருந்த பெருஞ் சுருட்டு 1,290 கோடியாகப் பெருகிற்று. மூன்று வருஷத்தில் அமெரிக்கர்கள் திடீரென்று பெருஞ் சுருட்டுப் பிரியர்களாக மாறிவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அண்டை நாடான கானடாவிலும் தராசு இவ்விதமே ஏமாந்தது. 1.4 கிராமுக்கு மேற்படாத சுருட்டில் மெந்தால் நீங்கலாக மற்ற வாசனைகள் கூடாதென்று அந்நாட்டார் 2010-ம் வருஷத்தில் விதித்தார்கள். 1.4 கிராமுக்குச் சற்று அதிகமான வாசனைச் சுருட்டுகள் சந்தைக்கு வந்தன. 2015-ம் வருஷத்தில் வரம்பை 6 கிராமுக்கு உயர்த்த நேர்ந்தது. அப்போதும் ஒயின், ரம், விஸ்கி முதலிய மது வாசனைகளுக்கு விலக்கு அளித்தார்கள். இளைஞர்களுக்கு மது வாசனையில் ருசி கிடையாது என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ, நாம் அறியோம்.

அமெரிக்க வாலிபர்களுக்கு இவ்வகைப் பண்டத்தை ஊட்டியதில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1990-களில் இந்தியாவிலிருந்து போன பீடிகள் சாக்லெட், மாம்பழம், ஸ்டிராபெரி வாசனையூட்டப்பட்டு அமெரிக்க நகரங்களில் விலையாயின. 1999-ம் வருஷத்தில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் 642 நகர்ப்புறப் பிள்ளைகளை விசாரித்ததில், நூற்றுக்கு 40 பேர் ஒருமுறையேனும் பீடி பிடித்திருந்தார்கள். அடிக்கடி அணைந்துபோகும் பீடியை அணையாமல் காக்க வேகவேகமாக இழுக்க வேண்டும். ஆகையால் உள்ளே போகும் நஞ்சும் அதிகம். அதை அந்தப் பிள்ளைகள் மூலிகைச் சரக்கு என்று எண்ணியிருக்கவும் கூடும். நம் நாட்டிலேயே பெட்டிக் கடைகளில் முனையை நசுக்கினால் புதினா வாசனை வீசும் சிகரெட் விற்கிறது. 2003-ம் வருஷத்து நமது புகையிலைச் சட்டம் விளம்பரத்தையும், பொது இடத்தில் புகைப்பதையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும் தடுக்கிறது. வாசனையைப்பற்றி வாய் திறக்கவில்லை. அமெரிக்கக் கதையைச் சற்று விரிவாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடை கூடாதென்று அமெரிக்காவில் வாதிப்பவர்களில் எல்லாரும் புகையிலைக் கம்பெனிகளின் ஆட்கள் அல்லர். இருபத்தொரு வயது நிரம்பியவனுக்கே புகையிலை விற்கலாமென்று 2019-ம் வருஷம் டிசம்பர் முதல் சட்டம் இருக்கிறபோது, வயது வந்தவன் எதைப் பிடிக்கலாமென்று சர்க்கார் சொல்வானேன் என்பது ஒரு வாதம். இனிப்பு என்பது வயது வந்தவன் ஆலோசித்துத் தேர்ந்த ருசியாயிருந்தால் இவ்வாதத்துக்கு மதிப்புண்டு. இருபத்தொரு வயதில் கடைக்குப் போகிறவன் பதினாறு வயதில் அகப்பட்டவனாயிருந்தால், அவன் சுதந்திரம் எந்த மட்டில் சுதந்திரம்? மற்றொரு வாதம் இதனினும் கனமானது. நீக்ரோ வம்சத்தார் வசிக்கும் பகுதிகளில் இச்சுருட்டுகள் மிகுதியாக விற்கின்றன. தடை வந்தால் அதைச் சாக்காகக் கொண்டு போலீஸார் அந்த வாலிபர்களை இம்சிப்பார்கள் என்கிறார்கள். அந்நாட்டுப் போலீஸாரின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இப்பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் நகல் விதியை எழுதிய உணவு மருந்து இலாகா, உற்பத்தியாளர், வியாபாரி ஆகியோர் மீதே நடவடிக்கை, கையில் வைத்திருப்பவன்மீது இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. வாஷிங்டன் நகரில் ஆராய்ந்தவர்கள், அவ்வம்சத்தார் மிகுந்த பகுதிகளில்தான் இச்சரக்கு அதிகமாகவும் மலிவாகவும் கிடைப்பதாக 2013-ம் வருஷத்தில் கண்டார்கள். அவர்களிடம் அனுதாபம் உள்ளவர்கள் இந்த மலிவையும் விசாரித்திருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் சுருட்டுப் பழக்கம் சமீப வருஷங்களில் வெகுவாகக் குறைந்திருப்பது உண்மையே. மின்சிகரெட் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் முன்பு பழகிய பிள்ளைகள் இப்போது இருபதும் முப்பதும் கடந்த மனிதர்கள். அவர்களுக்காகவேனும் உறையின் விலையும் வாசனையும் ஆராயப்பட வேண்டியவை.

மத்திய சர்க்கார் கைவிட்ட காரியத்தை நகரங்களும் ராஜ்யங்களும் தாமே செய்து வருகின்றன. பாஸ்டன் நகரம் 2012-ம் வருஷத்தில் தனிச் சுருட்டு ஒன்றின் விலை இரண்டரை டாலருக்குக் குறையலாகாதென்று விதித்தது. சில்லறைக் காசுக்கு வலை விரிப்பது அங்கே நின்றது. மாஸசூஸெட்ஸ் 2020-ம் வருஷம் ஜூன் முதல் எல்லா வாசனைப் புகையிலைகளின் விற்பனையையும் நிறுத்தியது. கலிபோர்னியாவில் 2020-ல் இயற்றிய சட்டத்தைப் புகையிலைக் கம்பெனிகள் ஜனவாக்குக்கு இழுத்தன. 2022-ம் வருஷம் நவம்பரில் பெருவாரியான ஜனங்கள் சட்டத்தின் பக்கமே வாக்களித்தார்கள். அடுத்த மாதம் அது அமுலாயிற்று. சில வாரங்களுக்குள், 'மெந்தால் அல்ல' என்று பெட்டியின்மேல் அச்சிட்டு, ஆனால் தொண்டையில் அதே குளிர்ச்சியைத் தரும் வேறு ரஸாயனச் சரக்கிட்ட சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. இம்முறை சட்டசபையார் அந்தச் சரக்கின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. 2024-ம் வருஷத்தில் சட்டத்தைத் திருத்தி, பெயர் எதுவாயினும், பிடிப்பவனுக்குக் குளிர்ச்சி தட்டுமானால் அது வாசனைப் புகையிலையே என்று எழுதினார்கள். 2025-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அத்திருத்தம் அங்கே அமுலுக்கு வந்தது. அதே மாதத்தில்தான் வாஷிங்டனில் மத்திய சர்க்கார் தன் விதியை வாபஸ் வாங்கிற்று.